முப்பது வயதில் சாவு கூடிவிட்டதா? டேர்ம் பாலிசிக்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: எனக்கு வயது 29. ஓசூரில் தனியார் நிறுவனத்தில் வேலை. கையில் வருவது மாதம் 62,000 ரூபாய். மனைவி வேலைக்குப் போகவில்லை. ஒரு வயதில் பெண் குழந்தை. வீட்டுக்கடன் 28 லட்சம் பாக்கி. ஜிம்மிலும் கல்யாண மேடையிலும் இளைஞர்கள் சுருண்டு விழும் வீடியோ தினமும் வாட்ஸ்அப்பில் வருகிறது. "அந்தக் காலத்துல இப்படியா செத்தாங்க?" என்கிறார் அப்பா. (அவருக்கே 54 வயதில் ஸ்டென்ட் வைத்தோம்.) இளவயது மரணம் கூடிவிட்டது, பிரீமியம் ஏறப்போகிறது, இந்த மாதமே போட்டுவிடுங்கள் என்று ஏஜென்ட் அவசரப்படுத்துகிறார். அவர் காட்டுவது கட்டிய பணம் திரும்ப வரும் டேர்ம் திட்டம். மாமாவோ, "முப்பது வயசுல எவன்டா சாகப்போறான், ஆபீஸ்லயே 30 லட்சத்துக்குப் போட்டிருக்காங்களே" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: டேர்ம் பாலிசி என்பது குறிப்பிட்ட வருடங்களுக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி. அதைப் பற்றி மூன்று பேர் சொல்வதிலும் ஓட்டை இருக்கிறது. முதலில் அப்பா.

அவர் காலத்தில் இளைஞர்கள் சாகவில்லை என்பது ஞாபகத்தின் வேலை. 1970-75 கணக்குப்படி இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் 50 வயதுகூட இல்லை, 49.7. 2016-20-ல் அது 70. ஆனால் இதை வைத்து அப்பாவிடம் வாதாடாதீர்கள். அன்றைய சராசரி அவ்வளவு கீழே இருந்ததற்குப் பெரிய காரணம் குழந்தை மரணம்: 1971-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதைத் தாண்டவில்லை. சராசரி ஆயுள் ஏறியதைக் காட்டி முப்பது வயதுக்காரரின் நிலைமையைச் சொல்ல முடியாது. முப்பதை முப்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

அப்படி ஒப்பிட இன்சூரன்ஸ் துறையிடமே ஓர் அட்டவணை இருக்கிறது. பாலிசி எடுத்தவர்களில் எந்த வயதில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கெடுத்துத் தயாரிப்பது. 2006-08 அனுபவத்தை வைத்துப் போட்ட பழைய அட்டவணையில் 30 வயதுக்காரர் ஆயிரம் பேருக்கு வருடத்தில் 1.06 சாவு. அடுத்து வந்த 2012-14 அட்டவணையில் 0.98. ஆக, கூடவில்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது. பெண்கள் பக்கம் மாற்றம் இன்னும் பெரிது. பிரசவத்தோடு தொடர்புடைய மரணம் 1997-98-ல் லட்சம் பிரசவத்துக்கு 398 ஆக இருந்தது, 2018-20-ல் 97. அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு வீட்டில் "அவளைப் பெத்துட்டு அம்மா போயிட்டா" என்ற கதை இருந்ததே, அப்பாவைக் கேட்டால் அவரே இரண்டு மூன்று பெயர் சொல்வார்.

இளவயதுச் சாவு உண்மையிலேயே எகிறிய காலங்களும் உண்டு. 1918 இன்ஃப்ளூயன்சா, வழக்கமாகக் கைக்குழந்தையையும் முதியவரையும் கொண்டுபோகிற நோய், அந்த முறை 20 முதல் 40 வயதுக்காரர்களைத் தேடிப் பிடித்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் சாவு. 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் ஜனத்தொகையே முந்தைய கணக்கைவிடக் குறைந்து நின்றது. பிறகு 2021-ன் கோவிட் நம் கண்ணெதிரே நடந்தது. அதைப் பார்த்துத்தான் மறுகாப்பீட்டு நிறுவனங்கள் (இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கே இன்சூரன்ஸ் தருபவை) கட்டணத்தை ஏற்றின, டேர்ம் பிரீமியமும் ஏறியது. உங்கள் ஏஜென்ட் இன்னும் அந்த வருடத்துப் பேச்சையே பேசிக்கொண்டிருக்கிறார். அதற்கப்புறம் நடந்ததையும் அவர் சொல்லியிருக்கலாம்: தனிநபர் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

சரி, அந்த வீடியோக்கள்? விழுவது படமாவதற்கு எல்லார் கையிலும் கேமரா இருக்க வேண்டும், 1990-ல் இல்லை. எண்ணிக்கையை நேரடியாக ஒப்பிடுவதிலும் சிக்கல் இருக்கிறது. ஜனத்தொகை கூடினால் சாவின் எண்ணிக்கையும் கூடும், பதிவு ஒழுங்கானாலும் கூடும். 2020-ல் பதிவான மரணங்களில் டாக்டர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். மற்றவை வெறும் தேதியும் பெயரும். அப்படியிருக்க, "அப்போ இத்தனை ஹார்ட் அட்டாக், இப்போ இத்தனை" என்று அடித்துப் பேசுகிறவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

அதற்காக இதயத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 47 மருத்துவமனைகளில் விசாரித்தது. அபாயத்தைக் கூட்டுவதாக அதில் தெரிந்தவற்றில் சில: குடும்பத்தில் முன்பே நடந்த திடீர் மரணம், இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் அளவுக்கு மிஞ்சிய குடி, அதே இரண்டு நாளில் உடம்பை முறிக்கும் கடும் உழைப்பு, கோவிட்டால் மருத்துவமனையில் படுத்தது. உங்கள் அப்பாவுக்கு 54-ல் ஸ்டென்ட். வருடத்துக்கு ஒருமுறை பிபி, சர்க்கரை, கொழுப்பு பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் வயதில் எனக்குப் பயம் தருவது ஜிம் இல்லை, ஓசூர் பைபாஸ். 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயது. ஹெல்மெட் போடாததால் இறந்ததாகக் கணக்கில் வந்தவர்கள் மட்டும் ஐம்பதாயிரம். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாட்டுக்கு முதலிடம். இந்தச் சாவு வீடியோவாக வருவதில்லை, நமக்குப் பழகிப்போய்விட்டது.

இப்போது மாமா. முப்பது வயதில் ஆயிரத்தில் ஒருவர் என்றால் அவர் சொல்வது கிட்டத்தட்ட சரிதானே என்று தோன்றும். ஒரு வருடத்துக்கு மட்டும் பார்த்தால் சரி. ஆனால் அந்த விகிதம் அப்படியே நிற்காது. அதே 2012-14 அட்டவணையில் 40 வயதில் ஆயிரத்துக்கு 1.68, 50-ல் 4.44. ஒவ்வொரு வருடத்தையும் கோர்த்துக் கூட்டிப் பாருங்கள்: இன்று முப்பதில் இருக்கும் நூறு பேரில் சுமார் இரண்டு பேர் 45-ஐத் தொடமாட்டார்கள், பத்துப் பதினோரு பேர் 60-ஐத் தொடமாட்டார்கள். உங்கள் கடன் முடியவும் குழந்தை படித்து முடிக்கவும் தேவைப்படுவது இந்த வருடங்கள்தான்.

டேர்ம் பாலிசி மலிவாக இருப்பதன் ரகசியமும் இந்த ஆயிரத்தில் ஒன்றுதான். முப்பது வயதுக்காரர் ஆயிரம் பேர் ஒரு பொது உண்டியலில் தலைக்குப் பத்தாயிரம் போட்டால் ஒரு கோடி சேரும், அந்த வருடம் போனவர் வீட்டுக்கு அது போகும். உள்ளே இருப்பது இவ்வளவுதான். மருத்துவப் பரிசோதனையில் தேறி, சிகரெட்டும் பிடிக்காதவர் என்றால் நிறுவனங்கள் அட்டவணையைவிடக் குறைத்தே கணக்குப் போடும்.

ஆபீஸ் பாலிசி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவர், 34 வயது. இவரும் "கம்பெனியில இருக்கு சார்" என்று டேர்மைத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு வேலையை விட்டு, அடுத்ததில் சேர மூன்று வாரம் இடைவெளி. அந்த மூன்று வாரத்துக்குள் லாரி. அவர் மனைவி ஒரு மஞ்சள் பையில் பழைய கம்பெனியின் இன்சூரன்ஸ் அட்டையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். அட்டையில் பெயர், போட்டோ எல்லாம் இருந்தது. வேலையை விட்ட தேதியோடு அது செத்துவிட்டது என்பதை நான்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே அந்த 30 லட்சத்தை இருந்தால் லாபம் என்று வையுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது 60 வயது வரை ஒன்றரைக் கோடிக்கு வெறும் டேர்ம். ஆண்டு வருமானம் ஏழரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதைப்போல் பதினாறு மடங்கு, அதன்மேல் கடன் 28 லட்சம், இப்படித்தான் அந்த எண் வருகிறது. பணம் திரும்ப வரும் திட்டம் வேண்டாம். அதற்குக் கணிசமாகக் கூடுதல் பிரீமியம் கட்டுவீர்கள், முப்பது வருடம் கழித்து கட்டியதையே தருவார்கள். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் அப்போது ஒரு ரூபாயின் மதிப்பு இன்றைய 17 காசு. அந்த வித்தியாசத்தை மாதாமாதம் பிபிஎஃபில் போட்டால்கூடப் பரவாயில்லை.

இந்த மாதமே போட வேண்டுமா? அட்டவணையில் 20 வயதுக்கும் 30 வயதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு மாதம் யோசித்தால் ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் இரண்டு வருடம் தள்ளிப்போட்டு, நடுவில் சர்க்கரை தலைகாட்டினால் பிரீமியம் உண்மையாகவே ஏறும்.

விபத்தை மறந்துவிடாதீர்கள். அதே 2022-ல் காயமடைந்தவர்கள் 4,43,366 பேர். டேர்ம் பாலிசி செத்தால்தான் பேசும், கால் போனால் பேசாது. நிரந்தர ஊனத்துக்கும் பணம் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்றைத் தனியாக எடுங்கள். பைக் இன்சூரன்ஸோடு வரும் 15 லட்சம் வண்டிக்குச் சொந்தக்காரர் ஓட்டும்போதுதான், அதுவும் லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால்.

ப்ரொபோசல் ஃபார்மை ஏஜென்ட் நிரப்ப விடாதீர்கள், நீங்களே உட்கார்ந்து நிரப்புங்கள். அப்பாவின் ஸ்டென்ட்டை எழுதுங்கள், என்றைக்காவது பிடிக்கும் சிகரெட்டையும் எழுதுங்கள். மூன்று வருடம் தாண்டினால் நிறுவனம் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு, அதுவரை கேட்கலாம். நாமினி இடத்தில் மனைவி பெயரை எழுதும்போது அவருடைய ஆதாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் அவருக்கு இன்னும் அப்பா இனிஷியலா, உங்கள் பெயரின் இனிஷியலா? பேங்க் பாஸ்புக்கில் எது? மூன்றிலும் ஒன்றாக இல்லையென்றால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.