அடுத்த தலைமைப் பயிற்றுவிப்பாளர்: பெயர் பெற்றவரா, முன்னாள் வீரரா, இளையவரா?

கேள்வி: மான்செஸ்டர் யுனைடெட் போன்ற ஒரு பெரிய உதைபந்தாட்டக் கழகத்துக்குப் புதிய தலைமைப் பயிற்றுவிப்பாளரைத் தெரிவு செய்யும்போது, கிண்ணங்கள் பல வென்ற பெயர் பெற்றவரை எடுப்பதா, கழகத்தில் முன்னர் விளையாடிய ஒருவரை எடுப்பதா, புதிய விளையாட்டு முறையோடு வரும் இளையவரை எடுப்பதா? வருபவருக்கு எவ்வளவு காலம் கொடுக்கலாம்?

நான் திருகோணமலையில் வசிக்கிறேன். 2008இல் மொஸ்கோவில் செல்சியை பெனால்டியில் வென்று யுனைடெட் சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தைத் தூக்கிய இரவிலிருந்து இந்த அணியோடு இருக்கிறேன். ஏகாம்பரம் மைதானத்தில் மாலைப் பயிற்சி முடிந்து தேநீர்க் கடையில் அமர்ந்தால், நீங்கள் கேட்டிருக்கும் இதே கேள்விதான் எங்களுக்குள்ளும் எழும்; ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார், மற்றவர் அதை மறுத்து இன்னொரு பெயரைச் சொல்வார், கடை பூட்டும் நேரம் வரையில் பெயர்களைத் தவிர வேறொன்றும் பேசப்பட்டிருக்காது. விவாதத்தைப் பெயரிலிருந்து தொடங்குவதே பிழை என்பது என் உறுதியான கருத்து. பழைய பயிற்றுவிப்பாளர் விட்டுச் செல்லும் வீரர்கள் யார், அவர்களால் எதைச் செய்ய முடியும் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நீங்கள் குறிப்பிட்ட மூன்று வகையினரையும் யுனைடெட் ஏற்கெனவே எடுத்துப் பார்த்துவிட்டது. 1986இலிருந்து யுனைடெட்டைப் பயிற்றுவித்த சேர் அலெக்ஸ் பெர்குசன் 2013இல் ஓய்வு பெற்றபோது, அவரே கைகாட்டிய டேவிட் மோயஸ் ஆறு வருட ஒப்பந்தத்தோடு வந்து, பத்து மாதங்களில் அனுப்பப்பட்டார். பெயர் பெற்றவர்கள் என்ற வகையில் லூயிஸ் வான் காலும் ஜோஸே மொரினியோவும் வந்தார்கள், முதலாமவர் எப்.ஏ. கிண்ணத்தை வென்று இரண்டு நாட்களில் நீக்கப்பட்டார், இரண்டாமவர் 2017இல் யூரோப்பா லீக்கையும் லீக் கிண்ணத்தையும் வென்று, அடுத்த பருவகாலத்தில் 81 புள்ளிகளோடு இரண்டாம் இடத்தையும் பெற்று, அதற்கடுத்த டிசம்பரில் வெளியேற்றப்பட்டார். முன்னாள் வீரர் என்ற வகையில் ஒலே குன்னர் சோல்ஷேர் வந்தார். புதிய முறையோடு வந்தவர்கள் எரிக் டென் ஹாக்கும் ரூபன் அமோரிமும். வகையை வைத்துத் தீர்மானிக்க முடியும் என்றால், இவர்களுள் ஒரு வகையினராவது நிலைத்திருக்க வேண்டும் அல்லவா?

சோல்ஷேரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தத் தெரிவில் ரசிகர்களாகிய எங்களுக்கும் பங்கிருந்தது. 2018 டிசம்பரில் இடைக்காலப் பொறுப்பேற்ற அவர், முதல் 19 போட்டிகளில் 14ஐ வென்றார். 2019 மார்ச்சில் பரிஸில் அந்நகரக் கழகமான பி.எஸ்.ஜி.யை 3-1 என வென்ற போட்டி எங்களுக்கு இரவு ஒன்றரை மணிக்குத் தொடங்கியது. 90 நிமிடங்கள் முடிந்து சேர்க்கப்பட்ட நேரத்தில் யுனைடெட்டின் முன்கள வீரர் ராஷ்போர்ட் பெனால்டியை உதைக்கப் பந்தை வைத்தபோது, மச்சான் முறையான ஒருவருடைய வீட்டில் ஏழு பேர் ஒரு சிறிய தொலைக்காட்சியின் முன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். கோல் விழுந்ததும் எழுந்த சத்தத்தில் அடுத்த வீட்டு ஐயா விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அந்த இரவில் எங்களில் யாரேனும் ஒருவரிடம் நிரந்தர நியமனம் பற்றிக் கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் ஆம் என்றிருப்போம். அதே மாதம் 28ஆம் திகதி கழகமும் அதையே செய்தது. அதன் பின்னர் அந்தப் பருவகாலத்தில் எஞ்சியிருந்த 10 போட்டிகளில் 2இல் மாத்திரமே அணி வென்றது. எவர்ட்டனிடம் 4-0 என்றும், பருவகாலத்தின் கடைசிப் போட்டியில் சொந்த மைதானத்தில் கார்டிஃபிடம் 2-0 என்றும் தோற்றது. சோல்ஷேர் நல்ல மனிதர், அணியின் மனச்சோர்வை நீக்கியவர். அடுத்த இரண்டு முழுப் பருவகாலங்களிலும் மூன்றாம், இரண்டாம் இடங்களைப் பெற்றுத் தந்தவர் என்பதையும் மறக்கக் கூடாது. ஆயினும் தளர்ந்திருந்த வீரர்களை நிமிர்த்துவது ஒரு வேலை. பந்து எதிரணியிடம் இருக்கும்போது பதினொரு பேரும் எங்கே நிற்க வேண்டும் என்பதை மூன்று வருடங்களுக்குத் தொடர்ந்து கற்பிப்பது வேறொரு வேலை. முதலாவதைச் செய்தவர் இரண்டாவதையும் செய்வார் என்று நாங்கள் எண்ணியதுதான் தவறு.

அமோரிமின் வருகையில் நடந்தது வேறு விதமான தவறு. 2024 ஜூலையில் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தைக் கழகம் நீடித்தது; அந்தக் கோடையில் அவருடைய முறைக்கென்று ஐந்து வீரர்களை வாங்கியது; அவர்களுள் டி லிக்டும் மஸ்ராவியும் நெதர்லாந்தின் அயாக்ஸ் கழகத்தில் அவரிடமே விளையாடியவர்கள். ஒன்பது லீக் போட்டிகள் முடிந்து அணி 14ஆம் இடத்தில் நின்றபோது அவரை நீக்கியது. பிறகு, போர்த்துக்கல்லின் ஸ்போர்ட்டிங் லிஸ்பனில் 3-4-3 அமைப்பிலேயே (பின்களத்தில் மூவர், மத்தியகளத்தில் நால்வர், முன்களத்தில் மூவர்) வெற்றி கண்ட அமோரிமைப் பருவகாலத்தின் நடுவில் அழைத்து வந்தது. பருவகால முடிவில் வரவே தான் விரும்பியதாக அவரே பின்னர் சொன்னார். மூன்று பின்கள வீரர்களோடு விளையாடும் அமைப்பில் எல்லைக்கோட்டை ஒட்டி மேலும் கீழும் ஓடும் விங் பேக் இருவர்தான் உயிர்நாடி. யுனைடெட்டில் அதற்கென்று எடுக்கப்பட்ட ஒருவர்கூட அப்போது இல்லை. வலது காலால் விளையாடும் டலோட் இடது பக்கத்தில் நிறுத்தப்பட்டார். முன்களத்தில் கோல் தேட வேண்டிய அமாட் வலது பக்கத்தில் பின்னுக்கும் ஓடினார். புரூனோ பெர்னாண்டஸ் சில போட்டிகளில் கோலிலிருந்து தூரத்தில், மத்தியகள இரட்டையரில் ஒருவராக நின்றார். ராஷ்போர்டும் அன்டனியும் இரவலாக வேறு கழகங்களுக்குப் போனார்கள். விங் பேக் இடத்துக்கென்றே வாங்கப்பட்ட டோர்கு பெப்ரவரியில்தான் வந்து சேர்ந்தார். முடிவு 42 புள்ளிகள், 18 தோல்விகள், 15ஆம் இடம். பில்பாவோவில் டொட்டன்ஹாமிடம் 1-0 எனத் தோற்ற யூரோப்பா லீக் இறுதிப் போட்டியை இங்கே நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கிப் பார்த்து முடித்த பிறகு, நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமலே வீடு திரும்பினோம். அமோரிம் திறமையற்றவர் என்று நான் எழுத மாட்டேன். அவர் முறையைக் கற்றிருந்தார். அந்த முறைக்கான வீரர்கள் அவரிடம் இல்லை, அது அவரை அழைத்தவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு எங்கள் ஊர்க் கழகத்தில் நான் நேரில் கண்ட ஒன்று காரணமாக இருக்கிறது. கழகத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் பயிற்றுவிப்பாளர் தொழிலுக்காக வெளிநாடு சென்றபோது, அந்த இடத்துக்கு இருவர் விருப்பம் தெரிவித்தார்கள். ஒருவர் வெளியூரில் பெரிய அணியொன்றைப் பயிற்றுவித்தவர். காந்த வில்லைகள் ஒட்டும் வெள்ளைப் பலகையோடு வந்து, பின்களத்திலிருந்து குறுகிய பாஸ்களால் பந்தை முன்னகர்த்தும் முறையை நிர்வாக சபைக்கு அழகாக விளக்கினார். மற்றவர் எங்கள் பகுதியில் இளையோரைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தவர். அவர் பேச வரவில்லை. இரண்டு மாலைப் பொழுதுகள் மைதானத்தின் ஓரத்தில் வேப்பமர நிழலில் அமர்ந்து பயிற்சியைப் பார்த்தார். பயிற்சி முடிந்து வந்த ஒவ்வொரு பொடியனையும் அழைத்து, என்ன வேலை செய்கிறாய் தம்பி, எத்தனை மணிக்கு எழும்புகிறாய், எந்தக் காலில் முன்பு அடிபட்டது என்று கேட்டு, பாடசாலைக் கொப்பியொன்றில் எழுதிக்கொண்டார். எங்கள் இடது பின்கள வீரர் விடியற்காலை மூன்று மணிக்குப் படகேறுபவர் என்பதையும், மாலை ஐந்து மணிக்குமேல் அவருடைய ஓட்டம் குறைவதற்கு அதுதான் காரணம் என்பதையும், அத்தனை வருடம் கூடவே இருந்த நாங்கள் அந்தக் கொப்பியிலிருந்துதான் அறிந்தோம்.

நிர்வாக சபை முதலாமவரைத் தெரிவு செய்தது. நானும் அவருக்கே கையுயர்த்தினேன். அவருடைய முறை புல் நிறைந்த சமதரையில் மிக நன்றாக நடந்திருக்கும். ஆடி மாத வெயிலில் மணல் கிளம்பி, பந்து குதித்துக் குதித்து வரும் எங்கள் பயிற்சி மைதானத்தில், எங்கள் கோல் காப்பாளரின் காலிலிருந்து தொடங்கிய குறுகிய பாஸ்கள் எதிரணியின் காலிலேயே முடிந்தன. தொடர்ந்து ஐந்து போட்டிகளில் தோற்றோம். அவரும் மனம் நொந்து விலகினார். அவரைக் குறை சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் எங்களிடம் இருப்பது என்ன என்பதை அவருக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு எங்களுடையதாக இருந்தது.

லிவர்பூல் இதைச் சரியாகச் செய்தது என்று ஒரு யுனைடெட் ரசிகனாக எழுதுவது எளிதன்று, ஆனாலும் உண்மை அதுதான். 2024 ஜனவரியில் யுர்கன் க்ளொப் தான் விலகப்போவதாக அறிவித்ததால் கழகத்துக்கு மாதக்கணக்கில் அவகாசம் கிடைத்தது. அவர்கள் தெரிவு செய்த ஆர்னே ஸ்லொட் நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் கழகத்திலிருந்து வந்தவர். எங்கள் ஊரிலுள்ள லிவர்பூல் ரசிகர்களில் பாதிப் பேருக்கு அவருடைய பெயரே புதிது. ஆனால் பந்தை இழந்தவுடன் மேலே சென்று அழுத்தும் விளையாட்டுக்குப் பழகியிருந்த வீரர்களை அப்படியே ஏற்று, அதில் சிறிது நிதானத்தைச் சேர்க்கக்கூடியவராக அவர் இருந்தார். மத்தியகளத்தின் அடியில் நிறுத்துவதற்கு அவர்கள் தேடிய சுபிமெண்டி வர மறுத்தபோது, வேறொருவரை வாங்கக் கேட்டு நிற்காமல், முந்திய பருவகாலத்தில் நிரந்தர இடம் கிடைக்காதிருந்த கிரவன்பெர்க்கை அந்த இடத்தில் விளையாடச் செய்தார். அந்தக் கோடையில் உடனடியாக அணியில் இணைந்த புதிய வீரர் கியேசா ஒருவர் மாத்திரமே. அவரும் லீக்கில் மிகக் குறைவாகவே விளையாடினார். 2025 ஏப்ரலில் டொட்டன்ஹாமை 5-1 என வென்று, நான்கு போட்டிகள் எஞ்சியிருக்கும்போதே லிவர்பூல் சம்பியனானது.

ஆகவே ஒருவருடைய பெயர் அடிபடும்போது, அவர் வென்ற கிண்ணங்களை எண்ணுவதைவிட, முன்னைய கழகத்தில் முதல் ஆறு மாதங்கள் எப்படி இருந்தன என்று தேடிப் பாருங்கள். தனக்குக் கிடைத்த வீரர்களுக்கு ஏற்பத் தன் முறையை அவர் மாற்றிக்கொண்டாரா, வேண்டிய வீரர் கிடைக்காதபோது யாரைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பினார், முன்னைய பயிற்றுவிப்பாளர் ஒதுக்கிவைத்த எவரேனும் அவரிடம் முன்னேறினாரா என்பவற்றுக்கு விடை கிடைத்தால், அவர் பெயர் பெற்றவரா இளையவரா என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

அவரைத் தெரிவு செய்வோர் யார் என்பதும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டியது. யுனைடெட் நெடுநாள் முயன்று அழைத்து வந்த விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் டான் அஷ்வொர்த் ஐந்து மாதங்களிலேயே 2024 டிசம்பரில் விலகினார். தெரிவு செய்யும் நாற்காலியே ஆடிக்கொண்டிருந்தால் தெரிவு செய்யப்பட்டவர் எப்படி நிலைப்பார்? எங்கள் நாட்டிலும் இதைக் கண்டோம். 2023 ஜனவரியில் பீபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியபோது, அந்தத் தடை நீங்கிய ஓகஸ்ட் வரையில் தேசிய அணியால் சர்வதேசப் போட்டி ஒன்றில்கூட விளையாட முடியவில்லை. அந்த மாதங்களில் உலகின் மிகச் சிறந்த பயிற்றுவிப்பாளர் இங்கே இருந்திருந்தாலும் அவரால் ஆகக்கூடியது எதுவுமில்லை.

கால அவகாசத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தப் பேச்சு எழும் ஒவ்வொரு முறையும் யாரேனும் ஒருவர் பெர்குசனை எடுத்துக்காட்டி, அவருக்குக் கொடுத்தது போலக் கொடுங்கள் என்பார். அவர் 1986 நவம்பரில் பொறுப்பேற்றார் என்பதும், அணி முதல் நான்கு பருவகாலங்களில் 11ஆம், 2ஆம், 11ஆம், 13ஆம் இடங்களைப் பெற்றது என்பதும், 1993 வரையில் லீக் சம்பியன் பட்டம் வரவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அந்த வருடங்கள் வெறுமனே காத்திருந்த வருடங்கள் அல்ல. வீரர்களிடையே இருந்த குடிப்பழக்கத்தை அவர் கட்டுப்படுத்தினார், இளம் வீரர்களைத் தேடுவோரின் எண்ணிக்கையைப் பெருக்கினார், பதினான்காவது பிறந்தநாளன்று ஒரு சிறுவனுடைய வீட்டுக்குத் தானே நேரில் சென்று அவனைக் கழகத்தில் சேர்த்தார். காலம் கேட்கும் பயிற்றுவிப்பாளரிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்: தோற்ற போட்டியிலும் சென்ற மாதத்தில் இல்லாத ஒன்று களத்திலோ இளையோர் அணியிலோ கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆறு மாதங்கள் கழித்தும் அப்படி ஒன்றுமே தெரியவில்லை என்றால், மூன்று வருடங்கள் கொடுப்பதிலும் பயனில்லை என்றே எண்ணுகிறேன். தெரிகிறது என்றால், புள்ளிப்பட்டியலில் எந்த இடத்தில் நின்றாலும் நான் அவர் பக்கம் நிற்பேன். 1990 ஜனவரியில் நொட்டிங்ஹாம் பொரெஸ்டுக்கு எதிராக மார்க் ரொபின்ஸ் அடித்த ஒரு கோல்தான் பெர்குசனின் பதவியைக் காப்பாற்றியது என்பார்கள். பெர்குசன் வீடு தேடிச் சென்று சேர்த்த அந்தச் சிறுவன் ரயன் கிக்ஸுக்கு அன்று பதினாறு வயது. அவர் முதல் அணிக்காகக் களமிறங்குவதற்கு இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்தன.