வீடு சுத்தமாக இருந்தும் பிள்ளைக்கு ஏன் திரும்பத் திரும்ப வயிற்றோட்டம் வருகிறது?

“வீட்டை நாள்தோறும் கழுவித் துடைக்கிறேன். ஆனாலும் ஒரு வயது தாண்டிய என் மகனுக்கு மாதம் தவறாமல் வயிற்றோட்டம் வருகிறது. வைத்தியர் சுத்தம் போதாது என்கிறார். வேறு என்ன காரணம் இருக்கும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். ‘சுத்தம் போதாது’ என்ற அந்தச் சொல்லுக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். அதே சொல்லை நானும் கேட்டவள். வரிசையில் நின்ற பத்துப் பதினைந்து தாய்மார் திரும்பிப் பார்க்கும்படியாகக் கேட்டவள்.

நான் வைத்தியத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை பார்ப்பவள். நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. பகலில் வேலைக்குப் போகிறீர்கள், பிள்ளையை வேறொருவர் பார்க்கிறார், வீட்டில் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பாவிக்கிறீர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் நிலைமை வேறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இதில் சில விடயங்கள் உங்களுக்கு உதவக்கூடும்.

என் மகளுக்கு 2022 ஏப்ரலில் ஒரு வயது நிறைந்தது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் எங்களுக்கு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை 4,860 ரூபாயாக ஏறியது. அந்தப் பணத்தைக் கையில் வைத்திருந்தவர்களுக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் மேலேயுள்ள தாங்கிக்குத் தண்ணீர் ஏறாது. ஆகவே கீழே பைப்பில் வரும்போது வாளிகளில் பிடித்து, படியேற்றிக் கொண்டுவந்து, குசினி மூலையில் இருந்த நீலப் பரலில் ஊற்றி வைப்போம். குளிர்சாதனப் பெட்டி பெயருக்குத்தான் நின்றது. காலையில் மண்ணெண்ணெய் அடுப்பில் ஒரு தடவை சமைப்பதை இரவு வரை வைத்துச் சாப்பிட்டோம். மகளுக்குக் குழைத்த சோறும் அதே பானையிலிருந்துதான். முன்பு அவளுடைய பால் போத்தலையும் சூப்பியையும் நாளுக்கு இரண்டு தடவை கொதிக்க வைத்தவள், இரண்டு நாளுக்கு ஒரு தடவையாகக் குறைத்தேன். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் வீட்டுத் தரை மட்டும் பளிச்சென்று இருந்தது. என் மாமி, அதாவது கணவரின் தாயார், தரையில் ஒரு தூசி கிடக்க விடமாட்டார்.

மே மாதத்தில் முதல் தடவை வயிற்றோட்டம் வந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோதுதான் அந்த வாக்கியத்தைக் கேட்டேன். சிங்களத்தில் சொன்னார்கள், எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியுமாதலால் ஒரு சொல்லும் தப்பாமல் மனதில் பதிந்தது. வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கச் சொன்னார்கள், கை கழுவச் சொன்னார்கள், நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் தூளான ஜீவனிப் பக்கற்றுகள் நான்கைத் தந்து, கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். எந்தத் தண்ணீரில், எந்த அளவில், யார் கரைக்கப்போகிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை. நான் அடுத்த நாளே வேலைக்குப் போக வேண்டியிருந்தது. பக்கற்றுகளை மாமியிடம் கொடுத்து, “தண்ணியில கரைச்சுக் குடுங்க மாமி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன்.

ஒரு பக்கற் ஒரு லீட்டர் தண்ணீருக்கானது. சின்னப் பிள்ளை ஒரு லீட்டரா குடிக்கப்போகிறது, மீதி வீணாகுமே என்று மாமி நினைத்திருக்கிறார். அரைப் பக்கற்றைத் தேநீர்க் கோப்பை ஒன்றில் கரைத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டியிருக்கிறார். அளவு மீறி உப்புச் சேர்ந்த கரைசல் உடலுக்குத் தண்ணீரைக் கொடுக்காது. குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும், இரத்தத்தில் உப்பை ஏற்றும். பிள்ளை தாகத்தில் அழ அழ, அவர் அன்போடு இன்னும் கொடுத்தார். மாலையில் நான் வந்து பார்த்தபோது அழுகிற பிள்ளையின் கண்ணில் நீர் வரவில்லை. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிவிட்டால் அது மெதுவாகத்தான் படிந்தது. அன்றிரவே வாட்டில் மறித்துச் சேலைன் ஏற்றினார்கள்.

மாமியை நான் குறை சொல்லவில்லை. இதை வாசிக்கிற சிலர் ‘படிக்காத கிழவியிடம் பிள்ளையை விட்டால் இப்படித்தான்’ என்று எழுதக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அவர் நான்கு பிள்ளைகளை வளர்த்தவர், சொன்னதைச் சொன்னபடி செய்பவர். அவரிடம் எவரும் எதையும் சொல்லவில்லை என்பதே உண்மை. சொல்லாதவர்களில் நானும் ஒருத்தி. 1971ஆம் ஆண்டு வங்காள அகதிகள் நிறைந்திருந்த, இந்தியாவின் மேற்கு வங்காளத்திலுள்ள பொங்கான் முகாமில் வாந்திபேதி பரவி, ஏற்றுவதற்குச் சேலைன் போதாமல்போன நேரத்தில், திலீப் மகலனோபிஸ் என்ற வைத்தியர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை நோயாளிகளுக்கு வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். 30 சதவீதமாக இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அங்கே கரைசலைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தாதியர் அல்லர். நோயாளியின் அருகில் இருந்த உறவினர்கள். அவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த வைத்தியர் 2022 ஒக்டோபரில் காலமானார் என்ற செய்தியை வாசித்தபோது, அதே ஆண்டில் என் குசினியில் இருந்த தேநீர்க் கோப்பைதான் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் தடவை ஜூலை தொடக்கத்தில். அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்திருந்த நாட்கள் அவை. ஓட்டோ கிடைக்காமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனோம்.

அதன் பிறகுதான் எங்கள் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். நாங்கள் ‘மிட்வைஃப் மிஸ்’ என்று கூப்பிடுவோம். அவர் தரையைப் பார்க்கவே இல்லை. மாமியிடம் தமிழில், “அம்மா, பிள்ளைக்குத் தண்ணி குடுக்கிறதை எனக்குச் செஞ்சு காட்டுங்க” என்றார். மாமி கொதித்தாறிய நீர் இருந்த குடத்தின் மூடியைத் திறந்து, மேசையில் கிடந்த பிளாஸ்டிக் கோப்பையை எடுத்து, உள்ளே விட்டு அள்ளினார். நான்கு விரல்களும் நகக்கண் வரை நீருக்குள் போயின. சற்று நேரத்துக்கு முன் அவர் பிள்ளையின் ஈரத்துணியை மாற்றி, அந்தக் கையைத் தண்ணீரில் மட்டும் அலம்பியிருந்தார். அதே நேரத்தில் என் மூத்த மகன், ஐந்து வயது, தன் கோப்பையோடு வந்து தானும் அள்ளிக்கொண்டு ஓடினான். மிஸ் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது.

களனி கங்கை நீரை அம்பத்தலையில் சுத்திகரித்துக் குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள். பிடித்து நாட்கணக்கில் வைத்தால் அந்தக் குளோரின் போய்விடும். கொதிக்க வைத்த நீரில் அதுவும் இல்லை. காவல் இல்லாத அந்த நீரில் ஒரு விரல் பட்டால் போதும். பால் குடிக்கிற பிள்ளையின் மலத்தில் என்ன அழுக்கு இருக்கப்போகிறது என்பது எங்கள் வீட்டில் மட்டுமல்ல, அக்கம்பக்கத்திலும் உள்ள நினைப்பு. வயிற்றோட்டம் வந்த பிள்ளையின் மலத்தில் கிருமி கோடிக்கணக்கில் வெளியேறுகிறது. ரோட்டா வைரஸ் தொற்றுவதற்கு மிகச் சொற்ப அளவே போதும். நாங்கள் அந்தத் துணிகளைக் கழுவிய தொட்டிக்கு மேல் தட்டில்தான் பால் போத்தல் தூரிகை இருந்தது. துடைத்த தரைக்கு இதில் சம்பந்தமே இல்லை.

மிஸ் சொன்ன மாற்றங்கள் சிறியவை. குடத்துக்குப் பதிலாக அடியில் குழாய் பூட்டிய, மூடியுள்ள வாளி. துணி மாற்றிய பிறகும், சாப்பாடு ஊட்டுவதற்கு முன்பும் சவர்க்காரம். போத்தலை விட்டுவிட்டுக் கோப்பையும் கரண்டியும், ஏனென்றால் சூப்பியின் உட்பக்கத்தைக் கழுவுவது கடினம், கோப்பையை எவரும் கழுவலாம். காலைச் சோற்றை மாலையில் கொடுப்பதானால் ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுப்பது. தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைக்கத் தேவையில்லை, நன்றாகக் கொப்புளித்து ஒரு நிமிடம் கொதித்தால் போதும் என்றார். இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. அத்தனை மாதமும் பத்து நிமிடம் கொதித்தால்தான் சரி என்று நம்பி, அதற்கு எரிபொருள் இல்லாததால் பல நாட்கள் கொதிக்க வைக்காமலே விட்டிருந்தேன். அடுப்பே இல்லாத நாளில், கலங்கல் இல்லாத நீரை நிறமற்ற பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலிலும், மேகமூட்டமென்றால் தொடர்ந்து இரண்டு நாளும் வைத்தால் கிருமி அழியும் என்பதைப் பிறகு நானே தேடி வாசித்தேன். எங்கள் மொட்டைமாடியில் வெயிலுக்கா பஞ்சம்? நாடே அடுப்பில்லாமல் கிடந்த மாதங்களில் இதை எங்கள் தெருவுக்கு வந்து எவரும் சொல்லவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் வயிற்றோட்டம் வெகுவாகக் குறையும் என்பது எல்லாக் கிளினிக்கிலும் சொல்லப்படுவது, உண்மையும்கூட. ஆனால் இங்கே சம்பளத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பு 84 வேலை நாட்கள். இடையில் வரும் விடுமுறைகளைச் சேர்த்தாலும் அது ஆறு மாதத்தை எட்டாது. நான் வேலைக்குத் திரும்பியபோது மகளுக்கு நான்கு மாதம்கூட ஆகவில்லை. போத்தல் எங்கள் வீட்டுக்குள் வந்தது அன்றுதான். வீடுகளுக்குப் போய்ச் சமைத்துத் துவைக்கும் பெண்களுக்கு அந்த 84 நாட்களும் கிடைப்பதில்லை. ‘தாய் ஏன் பால் கொடுக்கவில்லை’ என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

‘நாங்களும் பொது மலசலகூடம் உள்ள தோட்டத்தில் (கொழும்பில் நெருக்கமான குடியிருப்புகளை அப்படித்தான் சொல்வோம்) தான் வளர்ந்தோம், எங்களுக்கு ஒன்றும் வரவில்லையே’ என்று சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். நானும் அப்படியான தோட்டத்தில் வளர்ந்தவள்தான். என் அம்மாவின் உடன்பிறந்தவர்களில் இருவர் இரண்டு வயதுக்குள் வயிற்றோட்டத்தில் இறந்தார்கள். அவர்களால் இங்கு வந்து பதில் எழுத முடியாது. உலகளவில் இன்றும் ஆண்டுதோறும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இதனால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எத்தனை குடும்பங்களுக்கு ஒரு மலசலகூடம், தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, பிள்ளையை யார் பார்க்கிறார்கள், அவருக்கு எந்த மொழி தெரியும் என்பவை எல்லாம் சேர்ந்துதான் ஒரு பிள்ளைக்கு நோய் வருமா என்பது தீர்மானமாகிறது.

உங்கள் மகனுக்கு இனி வந்தால், வழக்கமான சாப்பாட்டையும் பாலையும் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு தடவை போன பிறகும் சரியாகக் கரைத்த ஜீவனி 50 முதல் 100 மில்லிலீட்டர் வரை கொடுங்கள். நாக (சிங்க்) மருந்து எழுதித் தந்தால், ஓட்டம் நின்ற பிறகும் சொன்ன நாள் முடியும் வரை கொடுங்கள். மலத்தில் இரத்தம், குழிந்த கண், சிறுநீர் போகாமை, குடிக்க முடியாத அளவுக்குச் சோர்வு, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். மாதம் தவறாமல் வருகிறது என்கிறீர்கள். நிறை கூடுகிறதா என்று கிளினிக் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். அங்கே போகும்போது, பகலில் பிள்ளையைப் பார்ப்பவர் யாரோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு லீட்டர் போத்தலையும் ஒரு பக்கற்றையும் கையோடு கொண்டுபோய், கரைக்கும் விதத்தை உங்களுக்கு அல்ல, அவருக்குக் காட்டித் தரும்படி கேளுங்கள்.