வலி நின்றுவிட்டது, இனியும் ரூட் கேனால் வேண்டுமா?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. இரண்டு வாரமாக ராத்திரியில் விண் விண்ணென்று தெறித்தது. மாத்திரை போட்டபின் வலி நின்றுவிட்டது. ஒரு டாக்டர் ரூட் கேனாலும் கேப்பும் சேர்த்து 12,000 ரூபாய் என்கிறார். இன்னொருவர் ரூட் கேனால் 4,000 என்கிறார். வலிதான் இல்லையே, சும்மா அடைத்தால் போதாதா?

பதில்: வலி எப்படி வந்தது என்பதைப் பாருங்கள். ஜில்லென்று எதையாவது குடிக்கும்போது மட்டும் சுரீரென்று கூசி, சில நொடியில் அடங்கினால் பல்லுக்குள் இருக்கும் கூழ் (நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள மென்மையான திசு) இன்னும் பிழைக்கும். சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதும். சும்மா இருக்கும்போதே தெறித்து, படுத்தால் கூடி, சூடான காபி பட்டால் நிமிஷக்கணக்கில் நீடிக்கிற வலி வேறு ரகம். அந்தக் கட்டத்துக்குப் போன கூழ் பொதுவாக மீள்வதில்லை. அதை எடுத்துவிட்டு, வேருக்குள் சுத்தம் செய்து நிரப்புவதுதான் ரூட் கேனால். அப்படிப்பட்ட வலி திடீரென்று நின்றால், பெரும்பாலும் கூழ் செத்துவிட்டது என்று பொருள். கிருமி அங்கேயேதான் இருக்கும். வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கி, பிறகு ஈறில் சீழ்க் கொப்புளமாக வெளிப்படும். செத்த கூழுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அதனால் ஆன்டிபயாடிக் அங்கே போய்ச் சேராது.

முடிவெடுக்கும் முன் மூன்று சோதனை கேளுங்கள்: குளிர் ஸ்பிரே அடித்த பஞ்சை இந்தப் பல்லிலும் பக்கத்துப் பல்லிலும் வைத்து ஒப்பிடுவது, பல்லைத் தட்டிப் பார்ப்பது, வேர் நுனி தெரியும் சின்ன எக்ஸ்ரே. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். ஆரம்பக் கட்ட வீக்கம் அதில் தெரியாது. எந்தச் சோதனையும் இல்லாமல் ‘ரூட் கேனால்’ என்றால் இன்னொருவரிடம் காட்டலாம்.

இனி விலை. 4,000 என்றவர் கேப்பை (பல்லின் மேல் மாட்டும் உறை) கணக்கில் சேர்த்தாரா என்று கேளுங்கள். எக்ஸ்ரே, பல்லின் மேல் கட்டும் அடைப்பு, கேப் மூன்றும் உண்டா என்று எழுதி வாங்குங்கள். கடைவாய்ப் பல்லில் கேப்பைத் தள்ளிப்போடுவதுதான் மிக மோசமான சிக்கனம். உள்ளே குடைந்த பல் கடிக்கும்போது வேர் வரை நெடுக்காகப் பிளந்தால், பிடுங்குவதைத் தவிர வழியில்லை. முன்பல்லில் சேதம் குறைவென்றால் கேப் இல்லாமலும் விடலாம். சிர்கோனியா (பல் நிறப் பீங்கான் வகை) கேப்புக்குத் தரும் வாரன்டி அட்டை கேப்புக்கு மட்டும்தான், வேர் சிகிச்சைக்கு அல்ல. வெளியே தெரியாத கடைசிப் பல்லுக்கு முழு உலோகக் கேப் மலிவு, உறுதியும் கூட.

வேலையின் தரத்தை நீங்களே ஓரளவு பார்க்கலாம். மரப்பு ஊசிக்குப் பின் ரப்பர் டேம் என்ற ரப்பர் ஷீட்டைப் பல்லைச் சுற்றி மாட்டுகிறார்களா? எச்சில் உள்ளே போகாமலும், வேருக்குள் சுரண்டும் ஃபைல் என்ற மெல்லிய கருவியும், கழுவும் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியும் தொண்டைக்குள் போகாமலும் தடுப்பது அதுதான். கூழ் இருக்கும் மெல்லிய குழாய்தான் வேருக்குள் ஓடும் கால்வாய். உங்கள் பல்லில் வழக்கமாக மூன்று கால்வாய், சிலருக்கு நான்கு. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் மெல்லிய நான்காவது கால்வாய் தவறிப்போய், அதனாலேயே வலி திரும்புவது உண்டு. எத்தனை கால்வாய் கண்டார்கள் என்று கேளுங்கள். கடைசி எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் நிரப்பல் வேர் நுனிக்கு உள்ளே சுமார் 2 மில்லிமீட்டருக்குள் முடிய வேண்டும். வெகுவாக முன்னாலேயே நின்றாலோ, நுனியைத் தாண்டினாலோ மறுபடி தொல்லைக்கு வாய்ப்பு அதிகம். அந்த எக்ஸ்ரேயின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கையில் பணம் இறுக்கமென்றால் பல் மருத்துவக் கல்லூரி நல்ல வழி. மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். நடை அதிகம், செலவு குறைவு.

கேள்வி: ரூட் கேனால் முடிந்து நான்கு நாள். கடித்தால் வலிக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். சில நாள் கடிவலி சகஜம். அடைப்பு உயரமாக இருந்தாலும் வலிக்கும், ராவிவிட்டால் சரியாகிவிடும். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டாலோ அன்றே போங்கள். சிகிச்சை பலிக்காமல் போனதே கவனக்குறைவுக்கு ஆதாரமாகாது. உடைந்த ஃபைல் உள்ளே சிக்கியதைச் சொல்லாமல் மறைத்தார்கள் என்பது போன்ற நிலையில், கட்டணம் கொடுத்துச் செய்துகொண்ட சிகிச்சைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. ரசீதும் எக்ஸ்ரேயும் கையில் இருக்கட்டும்.