தாதியம்மா பதில்கள்: உண்ணியும் மண்ணெண்ணெயும்

கேள்வி: எங்களிடம் சின்னதாக ஒரு மாட்டுப் பட்டி இருக்கிறது. போன கிழமை ஆறு வயது மகளுக்குத் தலை வாரும்போது காதுக்குப் பின்னால் மச்சம் போல ஒன்று தெரிந்தது. தொட்டால் கால் ஆட்டுகிறது! மாமி மண்ணெண்ணெய் பூசச் சொன்னார். நான் பயத்தில் நகத்தால் பிடுங்கிவிட்டேன். கறுப்பாக ஒரு துளி தோலுக்குள்ளேயே நிற்கிறது. பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?
– வாசகி, கொக்கட்டிச்சோலை

பதில்: மகள், முதலில் ஒன்று. அந்தக் கறுப்புத் துளியை ஊசியால் கிண்டாதீர்கள். அது உண்ணியின் வாய்த் துண்டு. உடைந்த முள் மாதிரித்தான், சில நாளில் தோலே வெளியே தள்ளிவிடும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். வீங்கிச் சீழ் வைத்தால் மட்டும் டொக்டரிடம் காட்டுங்கள்.

மாமியைக் குறை சொல்ல மாட்டேன். என் அப்பாவும் பட்டிக்காரர்தான். பெரும்போகம் விதைத்ததும் மாதவனை மேய்ச்சல்தரைப் பக்கம் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போவார். அறுவடை முடிந்துதான் வீடு. வந்ததும் அம்மா அவரைக் கிணற்றடியிலேயே மறித்து, சாரத்தையும் சட்டையையும் கொதிநீரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார். உடம்பில் உண்ணி இருந்தால் பீடி நெருப்பு வைத்தியம். ஒருமுறை உண்ணி அசையவே இல்லை, அப்பாவின் தொடைதான் வெந்தது.

தாதியாகப் படிக்கப் போன பிறகுதான் எனக்கே விளங்கியது. உண்ணி கடிக்கும்போது அதன் எச்சில் தோலை மரக்க வைக்கிறது. அதனால்தான் வலி தெரிவதில்லை. பசை போல ஒன்றைச் சுரந்து ஒட்டியும் கொள்கிறது. நெருப்பு, மண்ணெண்ணெய், கியூட்டெக்ஸ் என்று எதைப் போட்டு வதைத்தாலும் அது எச்சிலைக் காயத்துக்குள் கக்கக்கூடும். கிருமி இருந்தால் அந்த எச்சிலோடுதான் உள்ளே போகும்.

புருவம் எடுக்கிற கூரான சாமணம் ஒன்றைச் சீப்போடு சேர்த்து வையுங்கள். வயிற்றைப் பிடித்தால் நசுங்கும். தோலோடு ஒட்டினாற்போல வாயடியைப் பிடித்து, திருகாமல், வெடுக்கென்று இல்லாமல், நேரே மெல்ல இழுக்க வேண்டும். தோல் கொஞ்சம் எழும்பும். அப்படியே பிடித்திருங்கள், விட்டுவிடும். எடுத்ததைச் செலோடேப்பில் ஒட்டி மடித்து எறிந்துவிட்டு, இடத்தைக் கழுவி ஸ்பிரிட் பூசுங்கள்.

அப்புறம் கலண்டரில் அன்றைய திகதியைக் குறியுங்கள். நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். நம் பக்கத்தில் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் டெங்கு ஞாபகம்தான் வரும். இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல், கடும் தலையிடி, உடம்பில் சிவப்புப் புள்ளி, அல்லது கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு வந்தால், பனடோலோடு வீட்டில் இருக்காமல் டொக்டரிடம் போய், "உண்ணி கடித்தது, இன்ன திகதி" என்று நீங்களாகச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு டொக்சிசைக்ளின் என்ற நல்ல மருந்து உண்டு. நேரத்தோடு தொடங்கினால் சுகமாகிவிடும். காய்ச்சல் இல்லாமலே முன்கூட்டி விழுங்கத் தேவையில்லை.

பட்டிக்குப் போய்வந்த நாட்களில் குளிக்க வார்க்கும்போதே பாருங்கள்: காதின் பின்புறம், பிடரி மயிர், கக்கம், தொப்புள், இடுப்பு நாடா பதியும் இடம், கவட்டிடை, முழங்காலின் பின்பக்கம். குஞ்சு உண்ணி மிளகுத்தூள் போல இருக்கும். கண்ணை நம்பாதீர்கள், விரலால் தடவிப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு நாளாகக் காதுக்குள் சுரண்டுகிற சத்தமும் குத்தும். நண்பன் டோர்ச் அடித்துப் பார்த்து உண்ணி என்கிறான். எண்ணெய் விடலாமா?
– வாசகர், திருக்கோவில்

பதில்: வேண்டாம் தம்பி. நண்பனின் கையில் சாமணத்தையும் கொடுக்க வேண்டாம். காதுச் சவ்வில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். நன்றாகப் பிடித்த உண்ணி எண்ணெய்க்கு அசையவும் மாட்டாது. காதுக்குள் உண்ணி போவது இலங்கையில் அடிக்கடி பார்க்கிற விஷயம், வெட்கப்பட ஒன்றுமில்லை. காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் மருந்து விட்டு, அதற்கென்று உள்ள கருவியால் எடுப்பார்கள். அபூர்வமாக முகம் ஒரு பக்கம் கோணிப்போனதும் உண்டு. இன்றைக்கே போங்கள்.

கேள்வி: நாய்க்கு ஒரே உண்ணி. மாட்டுக்கு அடிக்கிற மருந்து வீட்டில் மிச்சம் இருக்கிறது. பூனையும் நாயும் ஒரே சாக்கில்தான் படுக்கும். இரண்டுக்கும் பூசலாமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: பூசாதீர்கள். மாட்டுக்குக் கலக்கிற அளவு நாய்க்குச் சரிவராது. பெர்மெத்ரின் கலந்த மருந்தென்றால் பூனை செத்தே போகக்கூடும், நாயில் பூசியதன் ஈரம் பட்டாலும் ஆபத்துத்தான். மிருக வைத்தியரிடம் நாயின் எடையைச் சொல்லி மருந்து வாங்குங்கள். அந்தச் சாக்குக் கதையையும் மறக்காமல் சொல்லுங்கள். சாக்கை எரித்துவிடுங்கள், சுவர் வெடிப்புகளையும் பாருங்கள். இரத்தம் குடித்து உப்பிய உண்ணி நாயை விட்டு இறங்கி, ஆயிரக்கணக்கில் முட்டையிடுவது அங்கேதான்.