அண்ணாவியார் எல்லா வேடத்தையும் தானே ஆடலாமா?

கேள்வி:

எனக்கு வயது 43. கல்லடியில் வசிக்கிறேன். 1998இல் சாதாரண தரம் படித்த காலத்தில், விடுதியில் என்னோடு தங்கியிருந்த கல்முனை நண்பனின் அண்ணன் சவூதியிலிருந்து கொண்டுவந்த இரட்டைக் கசற் ஒன்றின் மூலம்தான் ஸ்மாஷிங் பம்கின்ஸ் என்ற அமெரிக்க ரொக் இசைக்குழு எங்களுக்கு அறிமுகமானது. அந்தக் கசற் இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது. இப்போதும் நாங்கள் ஐந்து பேர் மாதம் ஒரு முறை கூடிப் பாட்டுக் கேட்போம், விவாதிப்போம். குழுவின் தலைவர் பில்லி கோர்கன் ஒரு மேதை, மற்ற மூவரும் அவருடைய நிழலில் நின்றவர்கள் என்பது என் கட்சி. அவர் கூட இருந்தவர்களை மிதித்து ஏறியவர், 2000க்குப் பிறகு அந்தப் பெயரைத் தொடவே அவருக்கு உரிமையில்லை என்பது நண்பனின் கட்சி. நாங்கள் இருவரும் இன்னொருவரும் சேர்ந்து என் வீட்டு அறையில் நான்கு தமிழ்ப் பாடல்களைப் பதிவு செய்துவந்தோம். நண்பன் வாசித்த பேஸ் கிற்றார் திருப்தி தராததால் அதை நானே வாசித்துச் சேர்த்துவிட்டேன். கோர்கனும் அப்படித்தானே செய்தார். கடைசியாகக் கூடிய அன்று விவாதம் முற்றி, "நீயும் அந்தாள்தான் மச்சான்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனவன், இரண்டு மாதமாகத் தொலைபேசியை எடுக்கவில்லை. கோர்கனைப் பற்றி யார் சொல்வது சரி? எங்கோ இருக்கும் ஒரு பாட்டுக்காரனுக்காக 27 வருட நட்பை முறிப்பவனுக்கு என்ன சொல்வது?

பெயர் வேண்டாம், கல்லடி

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எழுதிய கடிதம் ஐந்து பக்கம். இடம் போதாமையால் சுருக்கி வெளியிட்டிருக்கிறோம். அந்த ஐந்தில் நான்கரைப் பக்கம் கோர்கனைப் பற்றியது. பேஸ் கிற்றாரைப் பற்றி ஒரேயொரு வசனம், அதுவும் நான்காம் பக்கத்தின் அடியில், அவரையே சாட்சிக்கு அழைத்துக்கொண்டு வருகிறது. அந்த வசனத்தைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்கே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் குழுவின் பாட்டுகள் எனக்கும் பிடிக்கும், உங்கள் கட்சி, உங்கள் நண்பனின் கட்சி இரண்டிலும் எனக்குச் சில குறைகள் தெரிகின்றன.

1988இல் சிக்காகோவில் தொடங்கிய அந்தக் குழுவில் கோர்கன் பாடிக் கிற்றார் வாசித்தார்; ஜேம்ஸ் ஈஹா இரண்டாவது கிற்றார், டார்சி ரெட்ஸ்கி பேஸ், ஜிம்மி சேம்பர்லின் ட்ரம்ஸ். உங்கள் வாதத்தின் முழுப் பாரத்தையும் 1993இல் வெளிவந்த இரண்டாவது அல்பமான சயமீஸ் ட்ரீமின் மீது ஏற்றியிருக்கிறீர்கள். 1992இன் கடைசியில் தொடங்கி அடுத்த ஆண்டின் முற்பகுதி வரை, அற்லாண்டாவுக்கு அருகிலுள்ள மரியெற்றா என்ற ஊரில், பட்ச் விக் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து அதைப் பதிவு செய்தபோது, ஈஹாவும் டார்சியும் வாசிக்க வேண்டிய பகுதிகளில் பெரும்பாலானவற்றைக் கோர்கன் தானே வாசித்தார் என்பது உண்மை. ஒன்றின் மேல் ஒன்றாகப் பாய் விரித்ததுபோல் அடுக்கப்பட்ட அந்தக் கிற்றார் ஒலியில், ஒரே கை வாசித்ததால் வந்த ஒழுங்கு இருக்கிறது என்பதும் உண்மை. அந்த அல்பத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால், தம்பி, அதே அல்பத்தில் நீங்கள் தாண்டிப் போகிற இரண்டு விடயங்கள் இருக்கின்றன. அதில் இரண்டு பாடல்களை ஈஹா கோர்கனோடு சேர்ந்து எழுதினார். ட்ரம்ஸ் பக்கம் கோர்கன் போகவே இல்லை; போகவும் முடியாது. சேம்பர்லினின் கையில் ஜாஸ் இருந்தது. பாட்டு அமைதியாகப் போகும் இடத்தில் ஓரமாக ஒதுங்கி நின்று, வெடிக்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னதாகவே உருட்டலை ஆரம்பித்துவிடும் அந்தப் பழக்கத்தை எடுத்துவிட்டால், அத்தனை அடுக்குக் கிற்றாரும் மேளமில்லாத கோயில் ஊர்வலம் போல் ஆகிவிடும். ஆகவே, எல்லாவற்றையும் தனியொருவராகச் செய்தார் என்று நீங்கள் காட்டும் அல்பத்திலேயே, முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்தது, உங்கள் அலுமாரியில் இருக்கும் அந்த இரட்டைக் கசற். 1995இல் வந்த மெலன் கொலி அன்ட் தி இன்ஃபினிற் சாட்னஸ், மொத்தம் 28 பாடல்கள். அமெரிக்காவில் ஒரு கோடிப் பிரதி என்ற கணக்கில் வைரச் சான்றிதழ் பெற்றது (இரட்டை அல்பத்தை இரண்டாக எண்ணுவது அங்குள்ள வழக்கம், எனவே உண்மையில் கைமாறியது அதில் பாதிதான் என்று கொள்ளலாம்). இதைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஃப்ளட் என்பவர், பதிவு நடந்த நாட்களில் நால்வரும் தினமும் குறிப்பிட்ட நேரம் ஒன்றாக இருந்து வாசித்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினார். ஒரே சமயத்தில் இரண்டு அறைகளில் பதிவு நடந்ததால், ஒருவர் வேலை செய்ய மற்றவர்கள் கதவோரம் காத்திருக்கும் நிலைமையும் குறைந்தது. முந்திய அல்பத்தைவிட ஈஹாவுக்கும் டார்சிக்கும் இதில் அதிக இடம் கிடைத்தது. இறுவட்டு வரிசையில் கடைசியாக வரும் பாட்டைச் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். தாலாட்டுப் போன்ற அந்தச் சின்னப் பாட்டில் நான்கு பேரும் முறை மாற்றிப் பாடுகிறார்கள். மிகப் பெரிய வெற்றி பெற்ற அல்பம் நான்கு குரல்களில் முடிகிறது என்பதை உங்கள் கட்சிக்காரர்கள் ஏன் பேசுவதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரிந்தவை, வேகமாகச் சொல்கிறேன். 1996 யூலையில் நியூயோர்க்கில், சுற்றுப்பயணத்துக்காகச் சேர்த்துக்கொண்ட கீபோர்ட் கலைஞர் ஜொனதன் மெல்வொயின் ஹெரோயினால் இறந்தார். அப்போது உடனிருந்த சேம்பர்லின் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 1998இல் அவரில்லாமல் வந்த அல்பம் முந்தியதைப்போல் விற்கவில்லை. (எனக்கு அந்த அல்பம்தான் மிகவும் பிடித்தது. ஆனால் அது தாயை இழந்த ஒரு மனிதனின் தனி அல்பம் போலத்தான் எப்போதும் எனக்குக் கேட்கிறது.) சேம்பர்லின் திரும்பி வந்தார், 1999இல் டார்சி போனார், 2000 டிசம்பர் 2ஆம் திகதி சிக்காகோ மெற்றோ அரங்கில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வாசித்துவிட்டுக் குழுவைக் கலைத்தார்கள்.

உங்கள் நண்பனின் கட்சிக்கு வருகிறேன். 2000 செப்டெம்பரில், இசை நிறுவனம் வெளியிட முன்வராத பாடல்களைக் கோர்கன் 25 இசைத்தட்டுகளாக மட்டும் அச்சிட்டு, சிலர் கையில் கொடுத்து, இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகப் பகிருங்கள் என்று சொல்லிவிட்டார். கூட இருந்தவர்களை மிதித்தவர் என்று ஒரே சொல்லில் அடைத்துவிட முடியாத மனிதர் அவர். பெரும்பாலான பாடல்களை எழுதியவர் என்ற வகையில் அந்தப் பெயர்மீது அவருக்கு உரிமையே இல்லை என்பதும் சரியாகாது.

ஆயினும் உங்கள் நண்பன் கோபப்படும் இடம் எது என்று எனக்குத் தெரிகிறது. 2005 யூன் மாதம், தன்னுடைய தனி அல்பம் கடைக்கு வந்த அதே நாளில், கோர்கன் சிக்காகோ ட்ரிபியூன் நாளிதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, என்னுடைய இசைக்குழு எனக்குத் திரும்ப வேண்டும் என்று அறிவித்தார். நாங்கள் நால்வரும் மறுபடி சேர வேண்டும் என்று எழுதாமல், என்னுடையது என்று எழுதினார். அப்படிக் கூப்பிட்டதற்கு வந்தவர் சேம்பர்லின் ஒருவர்தான். 2009இல் அவரும் போய்விட, பழைய நால்வரில் கோர்கன் மட்டுமே மிஞ்சினார். அதன் பிறகு சில வருடங்கள் அந்தப் பெயர், முதலாளி மட்டும் மாறாமல் இருக்கும் கடையின் பெயர்ப்பலகை போலத் தொங்கியது. 2018இல் ஈஹாவும் சேம்பர்லினும் திரும்பி வந்தபோது அரங்குகள் நிறைந்தன. டார்சி இல்லை என்பதைச் சொல்லி ரசிகர்கள் இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். இதற்கிடையில், 2017இல், கோர்கன் பழைய மல்யுத்த அமைப்பு ஒன்றை விலைக்கு வாங்கினார். எனக்கு அது வியப்பாகவே இல்லை. கூட்டம் கைதட்டவும் கூவவும் ஒரு நல்லவனும் ஒரு கெட்டவனும் வேண்டும் என்பது அங்கேதான் எழுதாத சட்டம், தனக்குக் கிடைத்த வேடம் எது என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

மேதை என்றால் அப்படித்தான் இருப்பான் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் சிக்காகோ வரை போகத் தேவையில்லை. படுவான்கரையில் எங்கள் ஊரில் வடமோடிக் கூத்துப் பழக்கிய அண்ணாவியாரை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். சட்டம் (அவரவர் வேடத்துக்கான பாட்டு ஏடு) கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம் வரை அந்த மனிதர் ஒருவரையும் சும்மா விட்டதில்லை. என் மாமாவுக்கு வீமன் வேடம். தாளக்கட்டுக்குக் கால் அரை நொடி பிந்தும். "தாளம் காலில இரிக்கணும்டா, வாயில இல்ல" என்று மத்தளத்தை நிறுத்திவிட்டு அவர் போடும் சத்தம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் கேட்கும். மாமா இரண்டு முறை கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார், இரண்டு முறையும் அம்மம்மா சோறு போட்டுத் திருப்பி அனுப்பினார். அந்த அண்ணாவியாருக்கு வீமனின் ஆட்டமும் தெரியும், தருமரின் ஆட்டமும் தெரியும், ஆட்டக்காரர் எல்லோரையும்விட நன்றாக ஆடவும் தெரியும். அரங்கேற்ற இரவில் களரியில் மாமாவுக்கு ஓரிடத்தில் பாட்டு மறந்துபோனது. அண்ணாவியார் மத்தளத்தோடு இரண்டு எட்டு முன்னே வந்து, அடியின் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தார். பிற்பாட்டுக்காரர் பிடித்துக்கொள்ள, மாமா மிச்சத்தைப் பாடி முடித்தார். சனத்தில் பாதிப் பேருக்கு அது தெரியவும் இல்லை. மாமாவின் சதங்கையைக் கழற்றித் தன் காலில் கட்டிக்கொள்ளலாம் என்று அவருக்கு ஒருக்காலும் தோன்றியிருக்காது.

இப்போது அந்த ஒற்றை வசனம்.

உங்கள் நண்பனின் பேஸ் கிற்றார் திருப்தி தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில், என்ன குறை என்று எழுதவில்லை. அவனிடம் சொன்னதாகவும் எழுதவில்லை. பாட்டு முடிந்த பிறகு, தன் விரல் படாத ஒரு பேஸ் தன் இடத்தில் ஒலிப்பதை அவன் கேட்டுக் கண்டுபிடித்திருக்க வேண்டும். வாசிக்கிறவனுக்குத் தன் கை தெரியாமல் போகாது. அதன் பிறகு நடந்த கூடல்களில் அவன் ஈஹாவுக்காகவும் டார்சிக்காகவும் வழக்காடியபோது உங்களுக்கு அது ரொக் வரலாறாகப் பட்டது. அவன் தன் வழக்கைத்தான் பேசினான் என்று நான் நினைக்கிறேன். எங்கோ இருக்கும் பாட்டுக்காரனுக்காக அவன் நட்பை முறித்ததாக எழுதியிருக்கிறீர்கள். கல்லடியில் இருக்கும் பாட்டுக்காரனோடு அல்லவா அவனுக்குக் கோபம்?

கோர்கனுக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டுமானால், 1993இல் அவர் மீது ஒரு பெரிய இசை நிறுவனத்தின் பணமும் எதிர்பார்ப்பும் அழுத்திக்கொண்டிருந்தன. உங்களுக்கு அப்படி எந்த அவசரமும் இருக்கவில்லை. நான்கு பாடல்கள், சொந்த அறை, காத்திருக்க வேண்டிய முதலாளி யாரும் இல்லை. கல்முனையிலிருந்து அவனை இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, இரண்டாவது சரணத்தில் பிந்துகிறாய், திரும்ப ஒருமுறை வாசி என்று சொல்லியிருந்தால் முகம் கொஞ்சம் கறுத்திருக்கும், கிற்றாரை எடுத்து வாசித்திருப்பான்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. முதலில் கணினியைத் திறந்து பாருங்கள். இப்போதைய பதிவு மென்பொருள்களில் ஒருவர் வாசித்ததை நீக்கிவிட்டோம் என்று நாம் நினைத்தாலும், பெரும்பாலும் அந்த ஒலிக்கோப்பு அதே கோப்புறையில் கிடக்கும். நீங்கள் சத்தத்தை மட்டும் அடக்கிவைத்திருந்தால் இன்னும் நல்லது. நண்பன் வாசித்த நான்கும் கிடைத்தால், அவற்றைப் பாடல்களோடு பழையபடி சேர்த்து, தனியாக இருந்து ஒருமுறை கேளுங்கள். நீங்கள் நினைத்த அளவுக்கு அவை மோசமாக இல்லாதிருக்கவும் கூடும். உண்மையிலேயே பிந்துகிற இடங்கள் இருந்தால் நிமிடக் கணக்கோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவை கிடைக்காவிட்டால், அழித்துவிட்டேன் என்பதை அப்படியே சொல்லுங்கள், சுற்றிவளைக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். தொலைபேசியை எடுக்காதவனுக்கு நீண்ட குரல்பதிவு அனுப்புவது இன்னொரு விவாதத்தைத் தொடங்குவதாகவே முடியும். கல்லடியிலிருந்து கல்முனைக்கு நாள் முழுவதும் பஸ் ஓடுகிறது. அவன் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், உன்னிடம் கேட்காமல் உன் பேஸை மாற்றியது என் பிழை என்று முதலில் சொல்லிவிட்டு, பாடல்களைப் போட்டு இருவருமாகக் கேளுங்கள். குறித்துக்கொண்ட இடங்களைக் காட்டி, திருத்தி வாசிப்பதா விடுவதா என்பதை அவனிடமே விடுங்கள். அவன் விட்டுவிடலாம் என்றால் விட்டுவிடுங்கள். கொஞ்சம் பிந்துகிற பேஸோடு வெளிவந்த நல்ல பாட்டுகள் உலகத்தில் ஏராளம். பாடல்களை வெளியிடும்போது யார் எதை வாசித்தார் என்று மூன்று பேரின் பெயரையும் போடுங்கள். கோர்கனைப் பற்றி அன்றைக்கு நீங்களாக வாய் திறக்க வேண்டாம். அவன் தொடங்கினால் தொடங்கட்டும்.

போகும்போது அலுமாரியைத் திறந்து அந்த இரட்டைக் கசற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். அது அவனுடைய அண்ணனுடையது என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள்.