துறைமுகம் இருந்தும் ஏன் கொழும்புக்கு?

கேள்வி: மகன் கணக்கியல் படித்துவிட்டுக் கொழும்பில் வேலை செய்கிறான். சம்பளத்தில் பாதி போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடுகிறது. இவ்வளவு பெரிய துறைமுகத்தை வைத்திருக்கும் திருகோணமலையையும் கொழும்பு மாதிரி ஆக்கிவிட்டால், எங்கள் பிள்ளைகள் வீட்டில் இருந்தே வேலைக்குப் போகலாம்தானே?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: துறைமுகம் இருந்தால் வேலை தன்பாட்டில் வந்து சேரும் என்ற நம்பிக்கையைக் கைவிடுங்கள் அம்மா. சீனக்குடாப் பக்கம் மா ஆலை இருக்கிறது, சீமெந்து ஆலை இருக்கிறது, எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. உங்கள் மகன் படித்த படிப்புக்கு அங்கே எத்தனை கதிரை? டோக்கியோ சீமெந்தின் ஆலை இங்கே, தலைமையகம் கொழும்பு காலி வீதியில். கணக்கு, விற்பனை, சட்டம் படித்தவர்களுக்கான வேலை தலைமையகத்தைச் சுற்றித்தான் கூடும்.

கொழும்பு மாநகரம் வெறும் 37 சதுர கிலோமீற்றர். 1978இல் சுதந்திர வர்த்தக வலயம் வந்தபோது ஆடைத் தொழிற்சாலைகள் கட்டுநாயக்காவுக்குப் போயின. நிலம் அங்கே இருந்தது, விமான நிலையம் பக்கத்தில், துறைமுகமும் எட்டும் தூரத்தில். பிறகு பியகமவிலும் வலயம் வந்தது. தையல் வெளியே போனாலும் வங்கியும் கப்பல் முகவர் கந்தோரும் கொழும்பை விட்டு அசையவில்லை. கம்பஹாவிலும் களுத்துறையிலும் வீட்டை வைத்துக்கொண்டு காலை ரயிலில் கோட்டைக்குப் போய் வருகிறவர்களுக்கு இதனால் கிடைப்பது பெரிய பலம். ஒரு கம்பனி கைவிட்டால், வீடு மாறாமலே இன்னொரு கம்பனியில் கேட்கலாம். நாட்டின் நிலத்தில் நூற்றுக்கு 6 கூட இல்லாத மேல் மாகாணம், உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருக்கிறது. கம்பஹாப் பிள்ளைக்கும் உங்கள் மகனுக்கும் ஒரே சம்பளம் என்றே வையுங்கள். அந்தப் பிள்ளை இரவு தாயின் கையால் சாப்பிடுகிறான். உங்கள் மகன் அறை வாடகை கட்டுகிறான், லீவு கிடைத்தால் இரவு ரயிலேறி வருகிறான். இது அநியாயம்தான், அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் இதற்கு மருந்து இன்னொரு கொழும்பு என்று நான் நினைக்கவில்லை. திருகோணமலை முதலில் தன் சுற்றுவட்டாரத்துக்கு நகரமாக வேண்டும். 2009 வரை கிண்ணியாவிலிருந்து பட்டணத்துக்கு வருகிறவர் துறையடியில் பாதைக்காக, அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகும் மிதவைக்காக, காத்து நின்றார். மழைக்காலத்தில் எத்தனை மணிக்கு வந்து சேர்வார் என்று அவருக்கே தெரியாது. அப்படிப்பட்டவரை எந்த முதலாளி நிரந்தரமாக எடுப்பார்? பாலம் திறந்ததும் கிண்ணியா ஆட்களுக்குப் பட்டணத்து வேலை அன்றாடம் போய் வரும் வேலையானது. லோஞ்சை நம்பிக் கிடந்த மூதூருக்கும் பிறகு பாலங்களோடு தரைவழி சீரானது. கந்தளாயும் குச்சவெளியும் இதே கணக்கில் வரவேண்டியவை. குச்சவெளிப் பிள்ளை ஒருத்தி பட்டணத்துக் கடையில் இரவு எட்டு மணிக்கு வேலை முடித்தால், வீட்டுக்குக் கொண்டுபோய் விட ஒரு பஸ் வேண்டும். அந்த பஸ் இல்லாவிட்டால் அந்த வேலையும் அவளுக்கு இல்லை.

வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் இதுவரை ஆலை கேட்டோம், ஹோட்டல் கேட்டோம். இனி கந்தோரையும் கேட்போம். 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 61 எண்ணெய்க் குதங்கள், இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசியும் சேர்ந்த ஒரு கூட்டுக் கம்பனிக்கு ஒதுக்கப்பட்டன. குதங்கள் எங்கள் மண்ணில் இருக்கும்போது அந்தக் கம்பனியின் கணக்குப் பிரிவும் கொள்வனவுப் பிரிவும் திருகோணமலைப் பட்டணத்தில் இருக்கவேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் மகன் விண்ணப்பிக்கக்கூடிய வேலை அந்தப் பிரிவுகளில்தான் இருக்கிறது.