எண்ணெய், சந்தனம், மழை ஈரம்: கிட்டார் பராமரிப்புக் கேள்வி பதில்

மார்த்தாண்டத்தில் கிட்டார் பழுது பார்ப்பது என் தொழில். என் மேசைக்கு வருபவற்றில் கீழே விழுந்து உடைந்த கிட்டார்கள் குறைவு. நல்லது செய்கிறோம் என்று எதையாவது பூசியும் தேய்த்தும் கெட்டுப்போனவைதான் அதிகம். பார்க்கும்போதே மனசு கஷ்டப்படும். தமிழ்நாடு, கேரள எல்லைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கருங்கல், கல்லூரி மாணவி: அண்ணா, கோவில் கொயரில் வாசிக்கிறேன். புது கிட்டார். பளபளப்பு போகாமல் இருக்கக் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே அடிக்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. அந்த ஸ்ப்ரேக்கள் பலவற்றில் அமோனியாவோ ஆல்கஹாலோ இருக்கும். இரண்டுமே மரத்தின் மேலிருக்கும் பூச்சுக்கு ஆகாது. பல தடவை துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணி ஒன்று போதும். வீட்டில் அப்பாவின் பழைய பனியன் இருந்தால் அதைவிட நல்லது கிடையாது. பொத்தான், ஜிப் எதுவும் அதில் இருக்கக் கூடாது. வாசித்து முடித்ததும் உடம்பு, கழுத்தின் பின்பக்கம், தந்தி எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் ஒரு தடவை துடை. கைரேகை போகாவிட்டால், மூக்குக்கண்ணாடியில் 'ஹா' என்று ஊதித் துடைப்போமே, அதேபோல் ஊதித் துடை. அந்த ஈரமே போதும்.

முதலில் உன் கிட்டார் பளபளக்கும் ரகமா, மங்கலான மேட் ரகமா என்று பார்த்துக்கொள். மேட் பூச்சுக்குப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் திட்டுத்திட்டாகப் பளபளக்கும். அப்புறம் அதைப் பழையபடி மாற்றுவது பெரும்பாடு. கார் பாலிஷும் மேசை நாற்காலிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் எந்த ரகத்துக்கும் வேண்டாம். அவற்றில் சிலிக்கோன் இருந்தால், பின்னால் எப்போதாவது விரிசலை ஒட்டவோ பூச்சைச் சரிசெய்யவோ போகும்போது எதுவும் பிடிக்காது.

இன்னொன்று. சாயங்காலம் பயிற்சிக்குப் போகும்போது கையில் கொசு க்ரீம் தடவிக்கொண்டு போவீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் டீட் என்ற மருந்து கிட்டாரின் பூச்சை இளக்கிவிடும். என்னிடம் வந்த ஒரு கிட்டாரில் வலது முன்கை படும் இடத்தில் பூச்சு பிசின்போல இளகி, திரும்ப உறைந்திருந்தது. கையின் ரோமக் கோடுகள்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தன. க்ரீம் தடவினால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாசி. சானிடைசர் போட்ட கையும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் கிட்டாரைத் தொட வேண்டும்.

குலசேகரம், ரப்பர் தோட்டக்காரர்: தம்பி, தந்தி மாற்றி இரண்டு வாரத்தில் துருப்பிடித்துவிடுகிறது. மட்டமான தந்தியா?

தந்தியைச் சந்தேகப்படும் முன் கிட்டாரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள் அண்ணாச்சி. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டின் ஆவி எஃகை அரிக்கும். ஷீட் அடிக்கும் கொட்டகையிலோ, ஆசிட் கேன் இருக்கும் அறையிலோ, ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையை ஒட்டிய அறையிலோ கிட்டார் இருந்தால் எந்தத் தந்தியும் தாங்காது. முதலில் இடத்தை மாற்றுங்கள்.

அடுத்தது கை. பால் எடுத்துவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே கிட்டாரைத் தொடுங்கள். வாசித்து முடித்ததும் துணியைத் தந்திக்கு அடியில் நுழைத்து, ஒவ்வொரு தந்தியையும் துணியோடு சேர்த்துப் பிடித்து நீளவாக்கில் இழுங்கள். எல்லோரும் மேல்பக்கம்தான் துடைக்கிறார்கள், வியர்வை தங்குவதோ அடிப்பக்கம். பூச்சுப் போட்ட தந்திகளும் கடையில் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் வியர்க்கும் கைக்கு அது உண்மையிலேயே பிரயோஜனம்.

பாறசாலை, இல்லத்தரசி: மகனுடைய கிட்டாரில் விரல் வைக்கும் கறுப்புப் பலகை வெளிறிக் கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவட்டுமா?

அக்கா, இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. தலைக்கும் தோசைக்கும் ஆகிற எண்ணெய் மரத்துக்கு மட்டும் ஆகாதா என்று கேட்பார்கள். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகச் சிக்குவாடை அடிக்கும், பிசுபிசுக்கும், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மார்கழி அதிகாலையில் பாட்டிலில் உறைகிற எண்ணெய், பலகையின் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பிகளின் ஓரத்திலும் உறையத்தான் செய்யும். நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய், நெய் எதுவும் வேண்டாம்.

அந்தப் பலகை பெரும்பாலும் ரோஸ்வுட்டாக இருக்கும். நம்மூர் ஆசாரிகள் ஈட்டி என்பார்களே, அதே இனம்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டியில் வெளிநாட்டுக் கம்பெனிகளும் கிட்டார் செய்கின்றன. அந்தப் பலகைக்கு மேலே வார்னிஷ் கிடையாது, மரம் திறந்தே இருக்கும். அதனால்தான் காய்ந்தால் வெளிறுகிறது.

இப்படிச் செய்யுங்கள். தந்தி மாற்றும் நாளில், தந்திகளைக் கழற்றிவிட்டு, பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் ஃப்ரெட்டை ஒட்டிச் சேர்ந்திருக்கும் அழுக்கைச் சுரண்டுங்கள். கறுப்பாக, மெழுகுபோலத் திரண்டு வரும். அது மரமில்லை, விரல் அழுக்கும் வியர்வையும்தான், பயப்பட வேண்டாம். மென்மையான பல்துலக்கும் பிரஷால் தட்டிவிட்டு, பிழிந்து பிழிந்து ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். கடைசியாக, இசைக்கருவிக் கடையில் விற்கும் ஃப்ரெட்போர்டு எண்ணெயை இரண்டு மூன்று சொட்டு துணியில் விட்டுத் தடவி, ஐந்து நிமிடம் கழித்து மிச்சம் இல்லாமல் துடைத்தெடுங்கள். நம்மூர் ஈரத்துக்கு வருடத்துக்கு ஒரு தடவை போதும்.

அந்த எண்ணெயை லெமன் ஆயில் என்று விற்பார்கள். அதைக் கேட்டுவிட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சாறு புளிப்பு, மரத்தையும் ஃப்ரெட்டையும் கெடுக்கும். பலகை வெளிர்மஞ்சளாக, வார்னிஷ் அடித்த மேப்பிள் மரமாக இருந்தால் எண்ணெயே தேவையில்லை.

தக்கலை: ஆயுத பூஜைக்குக் கிட்டாரில் சந்தனம், குங்குமம் வைப்போம். போன வருடம் வைத்த குங்குமக் கறை இன்னும் போகவில்லை.

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரம் புறப்பட்டுப் போகிற மண்ணில் இருந்துகொண்டு வாத்தியத்துக்குப் பொட்டு வைக்காதீர்கள் என்று நான் சொல்வேனா? வையுங்கள். எங்கே வைப்பது என்பதில்தான் கவனம். முகப்பில் தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டையும் விரல் பலகையும் பூச்சில்லாத மரம். மேட் கிட்டாரின் முகப்பிலும் பூச்சு மெல்லியதாகத்தான் இருக்கும். ஈரச் சந்தனமும் குங்குமமும் அங்கே இறங்கினால் திரும்ப வராது. பளபளக்கும் தலைப்பகுதியில் சின்னதாக வைத்து, பூஜை முடிந்ததும் அன்றைக்கே துடைத்துவிடலாம். இல்லையென்றால் ஒரு வெற்றிலையில் பொட்டு வைத்து, தந்திக்கு அடியில் செருகிவிடுங்கள். என் கடையில் அப்படித்தான் செய்கிறேன். ஏற்கெனவே மரத்தில் இறங்கிவிட்ட சிவப்பை மட்டும் எதையாவது ஊற்றி எடுக்கப் பார்க்க வேண்டாம், கறை பரவிவிடும்.

தேங்காய்ப்பட்டணம்: கேஸைத் திறந்தால் மக்கிய வாடை. கிட்டாரின் பின்பக்கம் வெள்ளையாகப் பூஞ்சணம்.

கடலோரம், அதோடு நமக்கு மழை இரண்டு பருவம். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையில் நனைந்தது காயும் முன் ஐப்பசி மழை வந்துவிடும். கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை. மழைக்காலத்தில் நம் வீட்டுக்குள் 80 சர்வ சாதாரணம். மரம் அதைக் குடித்து உப்பும், முகப்பு வயிறுபோல மேலெழும், தந்தி உயர்ந்து அழுத்தக் கஷ்டமாகும். உடனே கழுத்துக்குள் இருக்கும் கம்பியைத் திருகப் போகாதீர்கள். ஈரம் இறங்கினால் பாதிப் பிரச்சினை தானே இறங்கும்.

பூஞ்சணத்தை வெளியே எடுத்துப்போய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் திரும்பத் துடையுங்கள். கிட்டாரை நிழலில், காற்று படும்படி ஒரு நாள் வையுங்கள். வெயிலில் வைக்க வேண்டியது கேஸைத்தான், கிட்டாரை இல்லை. கேஸின் உள்துணியில்தான் பூஞ்சணம் குடியிருக்கும். அதைக் காயவைக்காமல் கிட்டாரை மட்டும் துடைத்தால் அடுத்த வாரம் திரும்ப வரும்.

அப்புறம் கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பை போடுங்கள். நீல மணி ரகம் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாக மாறும், அப்போது மாற்ற வேண்டும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றும் உள்ளே இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. பூச்சி வரும் என்று ரசகற்பூர உருண்டை போடுவார்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், கிட்டாருக்குள்ளும் வாடை ஏறிவிடும். சுவரில் மாட்டுவதானால் மழை அடிக்கும் வெளிச்சுவரைத் தவிர்த்து உள்சுவரில் மாட்டுங்கள்.

சித்தூர், பாலக்காடு: எங்களுக்குத் தலைகீழ். மார்கழி, தை மாதத்தில் ஃப்ரெட் ஓரம் கையைக் கீறுகிறது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அது. கிழக்கிலிருந்து உலர்ந்து வந்து மரத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பலகை சுருங்கும், உலோக ஃப்ரெட் சுருங்காது, அதனால் ஓரம் நீட்டிக்கொண்டு வரும். ஓட்டை உள்ள சோப்பு டப்பாவில், தண்ணீர் சொட்டாதபடி பிழிந்த பஞ்சை வைத்து, மரத்தில் படாமல் கேஸுக்குள் வையுங்கள். அந்த இரண்டு மாதம் கிட்டார் கேஸுக்குள்ளேயே இருக்கட்டும். சிலிக்கா ஜெல்லை எடுத்துவிடுங்கள். அப்படியும் கீறினால் அரம் போடச் சொல்லலாம், ஆனால் முதலிலேயே அரம் எடுக்க வேண்டாம்.

களியக்காவிளை: ஆறு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கழுத்து வளைந்துவிடுமா?

சுத்தம் செய்யும் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது. சாதாரண லைட் ரகத் தந்திகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அதனால் ஒரேயடியாக வெட்டாதீர்கள், ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கழற்றுங்கள். மாதக்கணக்கில் தந்தியில்லாமல் போட்டுவைப்பதுதான் தப்பு.

குழித்துறை: கிறிஸ்துமஸ் ஆராதனையில் மெழுகுவர்த்தி உருகி முகப்பில் சொட்டிவிட்டது.

நன்றாக இறுகட்டும். நகத்தாலோ பிளாஸ்டிக் கார்டாலோ பக்கவாட்டில் நெம்பினால் வில்லைபோல வந்துவிடும். மிச்சப் படலத்தை 'ஹா' ஊதித் துடையுங்கள். வெந்நீர், இஸ்திரிப்பெட்டி, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். சூடு பட்டால் ஒட்டுப் பசை விடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை வைத்துவிட்டுப் போகக் கூடாது என்பதும் இதனால்தான்.

செங்கோட்டை: சித்தப்பா போன பிறகு பதினைந்து வருடம் பரண்மேல் கிடந்த கிட்டார். உள்ளே ஏதோ உருளுகிறது. எப்படிச் சுத்தம் செய்வது?

முகப்பின் நடுவில் இருக்கும் வட்டத் துளை (சவுண்ட்ஹோல்) வழியே ஒரு கைப்பிடி உலர்ந்த பச்சரிசி போட்டு, கிட்டாரைப் படுக்கவைத்து, முறத்தில் புடைப்பதுபோல மெதுவாக ஆட்டுங்கள். பிறகு கவிழ்த்துக் கொட்டுங்கள். அரிசி தூசியை உருட்டி எடுத்துக்கொண்டு வரும். உள்ளே ஸ்பீக்கருக்கு ஒலியைக் கொண்டுபோகும் பிக்கப் வயர் இருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். இப்படி ஒரு பழைய கிட்டாரைக் கவிழ்த்தபோது தாளில் விழுந்தவை: சாம்பல் நிறமாகிவிட்ட அரிசி, இரண்டு பல்லி முட்டை ஓடு, ஒரு கரப்பான் இறக்கை, ஓரம் தேய்ந்த தந்தி மீட்டும் ஆமை ஓட்டு நிறப் பிக் ஒன்று. கொண்டுவந்த பையன் அந்தப் பிக்கைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். உங்களுக்கும் ஏதாவது கிடைக்கலாம், பார்த்துக் கொட்டுங்கள்.

கூடவே மாவுபோல மரத்தூள் விழுந்தால், குண்டூசித் துளைகள் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உளு வண்டு. வேறு கிட்டார்களோடு சேர்த்து வைக்காமல் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

சித்தப்பாவின் கை பட்டுத் தேய்ந்த இடத்துக்குப் புது வார்னிஷ் அடிக்க வேண்டாம். உலர்ந்த துணியே போதும். சுருதி சேர்க்கும் ட்யூனிங் கீயின் பல்சக்கரம் திறந்த ரகமாக இருந்தால் தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு ஒரு சொட்டு வையுங்கள்.

புதுத் தந்தி வாங்கும் முன் ஒரே ஒரு சோதனை. சாதாரணக் காகிதத் துண்டு ஒன்றை பிரிட்ஜின் பின்பக்க விளிம்புக்கு அடியில் செருகிப் பாருங்கள். நுழையவில்லையென்றால் மெல்லிய தந்தியாக வாங்கி, ஒரே நாளில் முழுச் சுருதிக்கு ஏற்றாமல், இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். காகிதம் நுழைந்தால் பிரிட்ஜ் பசை விட ஆரம்பித்துவிட்டது. தந்தி போடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள், ஒட்டித் தருகிறேன்.